இடது கைக்கு ஒரு தூண்டில்

மீன் சாப்பிடுவேன். அதற்கு மேல் மீனோடு எனக்கு எந்த உறவும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடும் மனிதரைக் கட்டிக்கொண்டு, வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டே காலம் தள்ளியவள் நான். அவர் கொண்டுவருவது பெரும்பாலும் சேறு படிந்த பேண்ட் மட்டும்தான். அதைத் துவைப்பதும் நான்தான்.

போன வருஷம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வேன் அவருடைய வண்டியைத் தட்டிவிட்டுப் போனது. எலும்பெல்லாம் கூடிவிட்டது. வலது தோளுக்குள் அறுந்த நரம்புகள் மட்டும் கூடவில்லை. கை இருக்கிறது, தொங்குகிறது. டாக்டர் "பார்க்கலாம்" என்றார். டாக்டர்கள் அந்தச் சொல்லை எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சட்டைப் பித்தான், சோறு பிசைவது, கையெழுத்து என்று ஒவ்வொன்றாக இடது கைக்கு மாற்றிக்கொண்டார். தூண்டில் மட்டும் மாற மறுத்தது. கம்பைப் பிடிக்க ஒரு கை, நூலைச் சுருட்டும் ரீலைச் சுற்ற ஒரு கை வேண்டுமே. ஒருநாள் மொட்டை மாடியில் ஒற்றைக் கையால் வீசிப் பார்த்தார். கொக்கி பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையில் போய் மாட்டியது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து படுத்தவர்தான். பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். மனிதர் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பயம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வழி, உட்கார்ந்து கணக்குப் போடுவது. யூடியூபில் தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். டிரோலிங் என்கிறார்கள். படகு மெதுவாகப் போகும். பின்னால் தூண்டில் நூல், லைன் என்பார்கள், நீளமாக இழுபட்டு வரும். அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் மீன் நீந்தும். வீசவே வேண்டாம். கம்பைப் பிடிக்கக்கூட வேண்டாம், படகு விளிம்பில் ஒரு தாங்கியில் செருகிவிடலாம். மீன் மாட்டினால் ரீலைச் சுற்ற வேண்டும். அதற்கு ஒரு கை போதும். அதைப் பார்த்ததும் அடுப்படியில் நின்று அழுதேன்.

"கடைக்குப் போலாம் வாங்க" என்றேன்.

"எதுக்கு வீணா அலையற" என்றார்.

நானே தாம்பரத்தில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கினேன். பாரிமுனையில் ஒரு சந்துக்குள் தூண்டில் சாமான் விற்கும் கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், பையனுக்கா?"

"வீட்டுக்காரருக்கு. ஏரியில வாளை பிடிக்க. போட்டுல இழுத்துட்டுப் போறதுக்கு."

அவர் ஒரு கார்பன் கம்பை எடுத்து நீட்டினார். "இத்த எட்துக்கோங்க. கைல வெச்சா வெயிட்டே தெரியாது."

வேண்டாம் என்றேன். கார்பன் விறைப்பு. ஓடுகிற படகில், தாங்கியில் நிற்கிற கம்பில் மீன் அடித்தால், விட்டுக்கொடுக்க அங்கே ஒரு கை இருக்காது. கம்புதான் வளைந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மீனின் வாய் கிழிந்து கொக்கி கழன்றுவிடும். அதனால் பாதியிலிருந்தே வளைகிற ஃபைபர் கிளாஸ் கம்பு. லைனும் அப்படித்தான். பின்னல் லைன் ஒல்லியாக, பலமாக இருந்தது, ஆனால் இம்மிகூட நீளாது. நைலான் கொஞ்சம் இழுபடும், அடியைத் தாங்கும். நைலானே எடுத்தேன். இதற்கென்றே இருக்கிற உருளை ரீல்களுக்கு அந்தக் கடையில் வலப் பக்கம்தான் பிடி இருந்தது. வலது கை இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? கடைசியில், பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டக்கூடிய பெரிய ஸ்பின்னிங் ரீல் கிடைத்தது. பிளாஸ்டிக் மீனின் வாயில் ஒரு தகடு இருக்கும். தகடு நீளமானால் ஆழமாக முங்கும். நம் ஏரிகளில் ஏது ஆழம்? குட்டைத் தகடு போதும். தாங்கியில் மட்டும் நான் சமரசமே செய்யவில்லை. பெரிய மீன் இழுத்தாலும் கம்பு தண்ணீருக்குள் போகாதபடி, வளையம் போட்டு இறுக்குகிற வகையைக் கேட்டு வாங்கினேன்.

"சூப்பர் செட்டு மேடம். கை படாமயே மீனு வந்துடும்" என்றார் கடைக்காரர். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கேளம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஏரி. அதைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் மோட்டார் வைத்த ஃபைபர் படகு இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனேன். படகைக் குத்தகைக்காரரே ஓட்டினார். எங்கள் வீட்டுக்காரர் கால்களை அகட்டி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. நான்தான் லைனை விட்டேன், நான்தான் தாங்கியில் செருகி வளையத்தை இறுக்கினேன்.

"மீன் முதல்ல தொட்டுப் பார்க்கும். அப்புறம் விட்டுடும். மறுபடி வரும். கையில தெரியும்" என்றார். விபத்துக்குப் பிறகு, நான் கேட்காமல் அவராகப் பேசியது அன்றுதான்.

கம்பு சட்டென்று வளைந்தது. ரீல் கர்ரென்று கத்தியது. குத்தகைக்காரர் மோட்டாரைக் குறைத்தார். எங்கள் வீட்டுக்காரர் பாய்ந்து எழுந்தார், ரீலைத் தொடவில்லை. இடது கையால் கம்பைப் பிடித்துத் தாங்கியிலிருந்து உருவப் பார்த்தார். வளையம் விடவில்லை. அதைத் திருக ஒரு கை, கம்பை உருவ ஒரு கை வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கழட்டு" என்றார். "கையில குடு."

"வேணாங்க, நழுவிடும். நீங்க சுத்துங்க, அது பார்த்துக்கும்."

கம்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். பிசியோதெரபியில் சொன்னதைச் செய்கிற மாதிரி, முகத்தில் ஒன்றுமில்லாமல் சுற்றினார். கம்பு வளைந்து கொடுத்தது, நைலான் இழுபட்டுக் கொடுத்தது. நான் கணக்குப் போட்ட ஒவ்வொன்றும் சொன்னபடி நடந்தது. குத்தகைக்காரர் வலையால் அள்ளிப் படகில் போட்டார். முழங்கை நீள வாளை.

"செம மீனு சார். நீங்க புடிச்சதுலயே பெர்சா?"

"மேடம் புடிச்சாங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர். மீனைப் பார்க்கவில்லை.

நான் வாங்கியது சரியான செட்தான். இப்போதும் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். வளையத்தைக் கழற்றியிருந்தால் ஒற்றைக் கையில் அந்த மீன் கம்பையே பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். போயிருந்தால் என்ன என்று அன்று படகில் எனக்குத் தோன்றவில்லை. அவர் இன்றைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியை வைத்துவிட்டு, "கிளம்பலாமா, போட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றேன்.

கோபித்துக்கொண்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். காய்கறி வாங்க அனுப்புகிற குரலில் சொன்னார்:

"நீ போயிட்டு வா. மீன் மாட்டும்."