கரி பஸ் பங்காரு

"எறங்காதீங்க நைனா, குந்துங்க, நான் கீறேன்" என்று சொல்லும்போதே பங்காரு பஸ்ஸிலிருந்து குதித்திருப்பான். பள்ளிப்பட்டு சாலையில் மேடு வந்துவிட்டது என்று அர்த்தம். யுத்தம் வந்து பெட்ரோல் பஞ்சமானதிலிருந்து அந்த பஸ் கரிப்புகையில் ஓடுகிறது. அதாவது, இறக்கத்தில் பஸ் ஓடும். ஏற்றத்தில் பங்காரு ஓடுவான். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடுவான். திணறினால் பின்புறத்தில் தோளைக் கொடுப்பான். மேடு முடிந்ததும் விரட்டிப் பிடித்து ஏணியில் தொற்றிக்கொள்வான்.

வயது முப்பத்தெட்டு. உத்தியோகம் கிளீனர். அவன் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. "போட்டா மட்டும் இன்னா, கரி எது சட்ட எதுன்னு தெரியவா போவுது?" என்பான். பிரயாணி, போலீஸ்காரர், குறுக்கே வரும் எருமை எல்லாரும் அவனுக்கு நைனாதான். ஆசை ஒன்றே ஒன்று: கண்டக்டர் பை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, விசில் ஊதி, வண்டிக்கு உள்ளே நின்றபடி ஒரு மேட்டையாவது ஏறிவிட வேண்டும். எட்டு வருஷமாக மனுக் கொடுக்கிறான். மானேஜர் சடகோபன் எட்டு வருஷமாக "பார்க்கலாம்" என்கிறார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிறங்கிப் போன மறுவாரம் முதலாளி கஜபதிக்கு அறுபதாம் கல்யாணம். அதை முன்னிட்டுக் கம்பெனி ஆட்களுக்கு வற்றிய ஏரியில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். பங்காருவுக்குச் சுண்ணாம்பால் கோடு போடுகிற வேலை. கிளீனரோடு சேர்ந்து ஓடினால் தங்கள் மரியாதை என்னாவது என்று டிரைவர்கள் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நூறு கஜ ஓட்டத்தில் மானேஜர் முதலாவதாக வந்தார். பட்டணத்தில் படித்த காலத்தில் அவர் பெரிய ஓட்டக்காரர், அவரே சொல்லியிருக்கிறார். கூட ஓடிய ஐந்து பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அதனால் பின்னால் வந்தார்கள்.

அடுத்தது நாலு பேர் கைமாற்றி ஓடுகிற ரிலே. டிரைவர்கள் இதில் நிஜமாகவே ஓடுவதென்று தீர்மானித்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஜெயித்தால், மானேஜரைத் தோற்கடித்தவன் யார் என்று தனியாகக் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? அந்த நேரம் பார்த்து, மானேஜர் இருந்த ஆபீஸ் கட்சியின் மூன்றாவது ஆளான தலைமைக் குமாஸ்தா கல்யாணச் சாப்பாடு தாங்காமல் மரத்தடியில் சாய்ந்துவிட்டார்.

மானேஜர் சுற்றும்முற்றும் பார்த்தார். "டேய் பங்காரு, மூணாவது ஆளா நீ ஓடு. ஜெயிச்சா திங்கக்கிழமை பை உன் தோள்ல."

"நெசமாவா சார்?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

முதல் இரண்டு குமாஸ்தாக்களும் ஓடி முடித்தபோது டிரைவர்கள் இருபது கஜம் முன்னால் இருந்தார்கள். மூங்கில் துண்டு பங்காருவின் கைக்கு வந்தது. அவ்வளவுதான், சுண்ணாம்புக் கால்கள் தெரியவில்லை, புழுதிதான் தெரிந்தது. "ஓடுடா பங்காரு, பஸ்ஸு போய்க்கினு கீது!" என்று பூக்காரி கெங்கம்மாள் கத்தினாள். டிரைவரைத் தாண்டி முப்பது கஜம் முன்னால் வந்து மூங்கிலை மானேஜர் கையில் திணித்தான்.

மானேஜர் பாதி தூரம் அழகாக ஓடினார். பிறகு தொடையைப் பிடித்தார். பிறகு நொண்டினார். பின்னால் டிரைவர் தங்கவேல் நெருங்கிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைப் பை பங்காருவின் கண்ணெதிரே நொண்டிக்கொண்டு நின்றது. ஒரே பாய்ச்சல். "உடாதீங்க நைனா, நான் கீறேன்!" இரண்டு உள்ளங்கைகளையும் மானேஜரின் முதுகில் வைத்துத் தள்ளினான். மானேஜர் காலில் பாதி, காற்றில் பாதியாகக் கோட்டைத் தாண்டினார். வெள்ளைச் சட்டையின் முதுகில் பத்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன.

நடுவராக வந்த டிரில் மாஸ்டர் கோதண்டபாணி ஊதலை ஊதினார். "தள்ளக் கூடாது! சட்டத்துக்கு விரோதம்!"

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நம்ம கம்பெனியில தள்ளாம எதுய்யா ஓடிச்சி?" என்றார். கோப்பை ஆபீஸ் கட்சிக்குப் போயிற்று.

பங்காரு மூச்சு வாங்கியபடி மானேஜரிடம் போனான். "சார், அந்தப் பையி..."

மானேஜர் தொடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பார்க்கலாம்."

அரக்கோணத்திலிருந்து படம் பிடிப்பவர் வந்திருந்தார். நாற்காலிகளில் மானேஜரும் இரண்டு குமாஸ்தாக்களும் உட்கார்ந்தார்கள். கரி ஒட்டும் என்று பங்காருவைத் தரையில் குந்தச் சொன்னார்கள். கோப்பை மானேஜரின் காலடியில் இருந்தது.

"ஒரே பிளேட்டுதான் இருக்கு, யுத்த காலம். இனிமே யாரும் இமைகூட அசைக்கப்படாது" என்று சொல்லிப் படக்காரர் காமிராக் கண்ணாடியின் மூடியைக் கழற்றக் கையை வைத்தார். நாற்காலிக்காரர்கள் மூவரும் சிலையானார்கள். பங்காரு எட்டிக் கோப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தான்.