அறுபது பேரில் எத்தனை ஓ நெகட்டிவ்?

பல்லடத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் ரத்த வங்கியில் மோகனப்பிரியா பதினோரு வருடமாக டெக்னீஷியன். ரத்தம் பார்த்து அவள் சலித்ததில்லை. ஆட்கள் போடும் கணக்கைக் கேட்டுத்தான் சலித்துப்போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அமீர் ஹம்சா வந்தார். அவருடைய அம்மா பாத்திமுத்துவுக்குச் செவ்வாயன்று இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும். வங்கியில் ஒன்றுகூட இல்லை.

"எங்கயும் தேட வேண்டாம்னு எங்க மொதலாளி வரதராஜுலு சொல்லிப்போட்டாருங்க. ஞாயித்துக்கெழமை மில்லுல கேம்ப். புதுசா சேந்த அறுவது பேரு ரத்தம் குடுக்கறாங்க."

மோகனப்பிரியா உடனே முதலாளிக்குப் போன் போட்டாள்.

"போன கேம்ப்ல ஓ நெகட்டிவ் ஒண்ணுகூட வரலீங்களே அம்மணி, இந்தத் தடவ வந்துதானுங்களே ஆகோணும்!"

"போன கேம்ப்ல வரலைன்னு இவங்க ரத்தத்துக்கு எப்படீங்க சார் தெரியும்? நம்ம பதிவேட்டுல ஆயிரத்தி எறநூறு பேரு. அதுல ஓ நெகட்டிவ் பதினெட்டுத்தான். அறுவது பேர்ல ஒருத்தர்கூட இல்லாமப் போறதுக்கே நூத்துக்கு நாப்பது வாய்ப்பு இருக்குதுங்க. ரெண்டு பேரு கெடைக்க நாலுல ஒரு பங்குகூட இல்லீங்க."

"நல்லதையே நெனைங்க அம்மணி."

போனை வைத்துவிட்டு அந்தப் பதினெட்டுப் பேரையும் அழைத்தாள். ஏழு எண்கள் உபயோகத்தில் இல்லை. நாலு பேர் போன மாதம்தான் கொடுத்திருந்தார்கள்; மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்கக் கூடாது. ஒருவர், தனக்கு ஓ பாசிட்டிவ் என்று அவளிடமே சண்டை பிடித்தார். கடைசியில் சனிக்கிழமை, அன்னூரிலிருந்து சாய்சரணும் சோமனூரிலிருந்து தறிக்காரர் அப்புசாமியும் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேம்ப் நடந்தது. மூன்று ஓ நெகட்டிவ்!

"பாத்தீங்களா அம்மணி? கணக்காமா, கணக்கு!" என்று போனில் சிரித்தார் வரதராஜுலு.

"வாய்ப்பு கம்மின்னா நடக்காதுன்னு அர்த்தமில்லீங்க சார்..." அவள் முடிப்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.

பாத்திமுத்து நல்லபடியாகத் தேறினார். அவருக்கு ஏறியது அப்புசாமியின் ரத்தமும் சாய்சரணின் ரத்தமும். அமீர் ஹம்சா அல்வா டப்பாவோடு வந்து, "மொதலாளி வாக்கு பலிச்சிருச்சுங்க" என்றார். மோகனப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை புதியவர்களைப் பதிவேட்டில் சேர்த்தாள். ஆயிரத்து இருநூற்று அறுபது பேரில் இருபத்தொன்று. சரியாக அறுபதுக்கு ஒன்று. அறுபது பேர் வந்தால் ஒன்று நிச்சயம் என்று அடித்துச் சொல்வாரே, இது மட்டும் வரதராஜுலுவின் காதுக்குப் போய்விடக் கூடாதே என்று பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.