பேதுருவுக்குச் சொல்லாத ஸ்பெயின்

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் பேதுருவைத் தெரியாத மீன் இல்லை என்று பகிடிக்குச் சொல்வார்கள். வள்ளங்கள் வந்ததும் மீனைக் குவித்து வைத்து ஏலம் கூறுவது அவருடைய தொழில். அந்தத் தொண்டையை வைத்தே வீடு கட்டினார், மகளையும் கட்டிக் கொடுத்தார். விலை ஏறாமல் வியாபாரிகள் இழுத்தடித்தால், "விடுறன்... விடுறன்..." என்று குரலைத் தாழ்த்திக்கொண்டே போய், திடீரென்று வலது கையை உயர்த்தி, "விடமாட்டன்!" என்று ஒரு போடு போடுவார். அந்த விலைக்கு மீன் கிடையாது என்று அர்த்தம். அதற்குப் பிறகு விலை தானாக ஏறும்.

அப்படிப்பட்ட வாய்க்காரர் இப்போது சில கிழமைகளாக வீட்டில் வாய் திறப்பதில்லை. காரணம் பொறாமை. வேறு யார் மேலும் இல்லை, சொந்த மனைவி பியாட்றிஸ் மேல்.

பிரான்சில் இருக்கிற மகள் மிரியம் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாள். விசா பியாட்றிஸுக்குக் கிடைத்தது, பேதுருவுக்குக் கிடைக்கவில்லை. "நீயாவது போட்டு வா" என்று அவரே பெரிய மனதோடு விமான நிலையம் வரை போய் ஏற்றிவிட்டார். போனவள் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. மருமகன் ஜெனுஷன் சும்மா இருந்தானா? கோடை விடுமுறைக்கு எல்லோரையும் காரில் ஏற்றி ஸ்பெயினுக்குக் கொண்டு போய்விட்டான். மத்தியதரைக் கடலோரம் ஏதோ ஒரு சின்ன ஊர், பெயர் வாயில் நுழையாது. அங்கிருந்து படங்கள் பேதுருவின் போனில் வந்து விழுந்தன. மலையிலிருந்து கடல் வரை இறங்கி வரும் வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், மதில் நிறையப் போகன்வில்லா, மணலில் மேசை போட்டு மீன் தின்கிற சனம். நடுவிலே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பியாட்றிஸ். அந்த நேரம் பேதுரு அடுப்படியில் சூடை மீனைப் பொரிக்கிறேன் என்று கருக்கிக்கொண்டிருந்தார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"இஞ்சை கடல் இல்லையோ? கண்டறியாத ஸ்பெயின்!" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். எட்டாத பழம் புளிக்கத்தானே செய்யும். ஆனால் படுக்கப் போகுமுன் போனை எடுத்து, ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்ததும் அவர்தான்.

வந்து இறங்கிய அன்று, பெட்டியை அவிழ்க்கும்போதே பியாட்றிஸ் கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, அந்த ஊரிலையும் பின்னேரம் வள்ளம் வந்தவுடனை மீன் ஏலம் கூறுகினம். கூறுற மனிசனுக்கு என்ன குரல் தெரியுமே! பாட்டுப் பாடுற மாதிரி..."

அவ்வளவுதான். வெள்ளை வீட்டையும் நீலக் கதவையும் எப்படியோ பொறுத்துக்கொண்டவருக்கு இது பொறுக்கவில்லை. "அப்ப அவனோடையே இருந்திருக்கலாமே!" என்று எழுந்து போய்விட்டார். பிறகும் அவள் வாயெடுத்தபோதெல்லாம் எழும்பிப் போனார். அவளும் ரோஷக்காரி, சொல்வதை விட்டுவிட்டாள். அவர் போடவென்று அவள் ஆசையாக வாங்கி வந்த சேட்டு பையை விட்டு வெளியே வரவில்லை. சொக்லேற் மட்டும் ஆளில்லாத நேரங்களில் குறைந்துகொண்டு வந்தது.

வெளிநாடு போய் வந்தவர்கள் அயலுக்கெல்லாம் சொக்லேற் கொடுக்க வேண்டும். பியாட்றிஸ் சொக்லேற்றோடு கதையையும் கொடுத்தாள். போகிற வீடெல்லாம் ஒரே சிரிப்பு. பேதுரு வருவதைக் கண்டால் சிரிப்பு சட்டென்று நிற்கும். தனக்கு விசா கிடைக்காததைத்தான் பகிடி பண்ணுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் அவள் ஊர்ப் புதினம் சொல்வாள், அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். இப்போது கோப்பைச் சத்தம்தான் கேட்டது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவள் கொட்டிவிடுவாள். ஆனால் கேட்டால் அந்தக் குறுக்காலை போன ஸ்பெயின்காரன் வென்றுவிடுவானே! இப்படியே போனால் இந்த வீட்டில் இனிப் பேச்சே இருக்காதோ என்ற பயமும் அவருக்கு வந்துவிட்டது.

ஒருநாள் காலை நல்ல விளைமீன் வந்தது. வியாபாரிகள் வழக்கம்போல் அசையவில்லை. பேதுரு, "விடுறன்... விடுறன்..." என்று இழுத்துக் கையை உயர்த்தி, "விடமாட்டன்!" என்றார். கரையே கொல்லென்று சிரித்தது.

மீன் விற்கிற அருமைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணை, கையை இறக்குங்கோ! ஸ்பெயின் எண்டால் இப்ப மீன் முழுக்க உங்கடை தலையிலை!"

"என்ன விசர்க்கதை உது?"

"ஐயோ, பியாட்றிஸ் மச்சாள் உங்களுக்குச் சொல்லேல்லையோ? ஊருக்கே தெரியுமே! அங்கை விலையைக் கூட்டிச் சொல்லித் தொடங்கி, பிறகு குறைச்சுக்கொண்டு போவினமாம். ஆர் முதல் கையைத் தூக்குகினமோ அவைக்குத்தான் மீன். மச்சாளுக்கு உது தெரியாது. விலை இறங்குறதைப் பாத்திட்டு, உங்களை மாதிரியே கையைத் தூக்கி 'விடமாட்டன்' எண்டு கத்திப்போட்டா. ஒரு பெட்டி றாலை அவவின்ரை கையிலை குடுத்திட்டாங்கள். ஊர் திரும்புமட்டும் றால் கறிதானாம்!"

பேதுரு சிரிக்கவில்லை. ஏலத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். பியாட்றிஸ் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தானே வந்தனான். நீங்கள்தான் என்னை அவனோடை இருக்கச் சொல்லிப்போட்டுப் போனியள்."

"இப்ப சொல்லு."

அவள் கொஞ்சம் பிகு பண்ணினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "நல்ல சிவத்த றால். அவன் கூறக் கூற விலை இறங்குது. பாவம், கடலுக்குப் போன சனம் பக்கத்திலை பேசாமல் நிக்குது. எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. எங்கடை மனிசன் நிண்டால் விடுவாரோ எண்டு நினைச்சன். என்னை அறியாமல் கை எழும்பிட்டுது."

பேதுரு சிரிக்கத் தொடங்கினார். இத்தனை கிழமையும் அடைத்து வைத்திருந்த சிரிப்பு, நிற்க நேரமெடுத்தது. பிறகு கேள்விமேல் கேள்வி. வள்ளம் எந்த மாதிரி, வலை எந்த மாதிரி, தொப்பி போட்டு நின்ற படத்தில் பின்னால் தெரிந்த கோயில் எந்த மாதாவுடையது? படங்களை அவர் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் பியாட்றிஸுக்குத் தெரிந்தது. அவளும் உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்.

எல்லாம் கேட்டு முடிந்த பிறகும் ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"அவன்ரை குரல் மெய்யாவே திறமோ?"

"ஓம். உங்களிலும் பாக்கத் திறம்."

பொய் சொல்லத் தெரியாத மனிசி. பேதுரு தண்ணீர் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார்.

"சரி, விடு. உதை மட்டும் வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"உதைத்தானே எல்லாருக்கும் முதல் சொன்னனான்" என்றாள் பியாட்றிஸ்.