பள்ளிவாசல் டிராக்டரின் ஹீட்டர்

நியூஜெர்சியில் நாங்கள் இருந்த ஊரில், தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து பள்ளிவாசலுக்கென்று வாங்கிய இடம் முன்பு பண்ணையாக இருந்தது. வீட்டைத் தொழுகைக்கூடமாக மாற்றினார்கள். பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நின்றது. இடத்தை விற்றவர் அதையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போயிருந்தார். கோடையில் புல் வெட்டுவதும், குளிர்காலத்தில் பார்க்கிங் லாட்டில் விழுந்த பனியைத் தள்ளுவதும் அதை வைத்துத்தான்.

அதை ஓட்டியவர் கீழக்கரைக்கார அங்கிள் ஒருவர். மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "இதுல ஏறி உக்காந்தா மட்டும்தான்மா யாரும் சுகர் ரிப்போர்ட்டத் தூக்கிட்டு வர்றதில்ல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

நான் அப்போது டிபென்டன்ட் விசாவில் இருந்தேன். திருச்சியில் மெக்கானிக்கல் படித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவள். இங்கே வேலை செய்ய அனுமதியில்லை. கணவர் கன்சல்டன்ட்; திங்கட்கிழமை விமானம் ஏறினால் வியாழக்கிழமை மாலைதான் வீடு திரும்புவார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே போய், பள்ளிவாசல் சமையலறையில் எல்லோருக்கும் டீ போடுவேன். வாரத்தில் நான் காத்திருந்த நாள் அதுதான்.

2004 என்று நினைவு. அந்த வெள்ளிக்கிழமை காலையில் நல்ல பனி. லாட்டைச் சுத்தம் செய்துவிட்டு அங்கிள் சமையலறைக்கு வந்தார். டீயை நீட்டினேன். வாங்காமல் கையுறைகளைக் கழற்றினார். விரல்கள் பாதிவரை வெளுத்துப்போய், சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தன.

"பயப்படாதம்மா. குளிர் பட்டா எனக்கு இப்படித்தான், விரலுக்கு ரத்தம் வராது. முதல்ல வெள்ளை, அப்புறம் நீலம், சூடு ஏறுனா சிவப்பு. அந்தச் சிவக்கிற நேரம்தான் உயிர் போகும்."

"டிராக்டர்ல ஹீட்டர் இல்லையா அங்கிள்?"

"இருக்கு. இந்த வருஷம் நான் கனெக்ட் பண்ணல."

ஏன் என்று கேட்டேன். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி, முன்கையில் இருந்த தழும்பைக் காட்டினார்.

டிராக்டரின் கேபின் குளிர்காலத்துக்கு மட்டுமானது. நவம்பரில் பொருத்துவார்கள். ஏப்ரலில் கழற்றிவிடுவார்கள், வெயிலில் அதற்குள் மனிதர் உட்கார முடியாது. ஹீட்டர் கேபினுக்குள்ளே இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவந்து சூடாகும் கூலன்ட் திரவம், ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக ஹீட்டருக்குப் போய் இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். ஆகவே கேபினைக் கழற்ற வேண்டுமானால் இந்த இரண்டு ஹோஸையும் முதலில் கழற்ற வேண்டும். ஏப்ரலுக்குள் ஹோஸை இறுக்கும் கிளாம்ப் துருப்பிடித்து, ஹோஸ் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தியால் அறுப்பார். கூலன்ட் தரையெல்லாம் கொட்டும். அறுத்து அறுத்து ஹோஸ் வருடத்துக்கு வருடம் குட்டையானது. போன ஏப்ரலில் எஞ்சின் ஆறுவதற்குள் அறுத்துவிட்டார். கொதிக்கக் கொதிக்கக் கையில் கொட்டிவிட்டது.

"அத நான் பாக்கலாமா அங்கிள்?"

"பாத்து?"

"ஈஸியா கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிடலாம்னு தோணுது. நான் மெக்கானிக்கல்தான் படிச்சேன்."

என்னையும் டீக் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு நாளா எனக்கு டீ போட்டுக் குடுத்துக்கிட்டிருக்கியேம்மா" என்றார்.

அடுத்த வாரம் கணவரிடம் போனில் சொன்னபோது, "பள்ளிவாசல் கமிட்டில கேட்டியா?" என்றார்.

"ஓட்டுறவர்கிட்ட கேட்டேன்."

கொஞ்சம் சிரித்தார். "சரி, கிளவ்ஸ் போட்டுக்கோ. எஞ்சின் ஆறுனப்புறம் தொடு."

முதல் முயற்சியில் நான் சொதப்பினேன். ஹார்டுவேர் கடையில் காற்று ஹோஸுக்கு விற்கும் கப்ளிங் கிடைத்தது. தள்ளினால் மாட்டும், வளையத்தை இழுத்தால் கழலும். அதையே வாங்கிப் போட்டேன். அதன் துவாரம் சிறியது, உள்ளே இருந்த ரப்பரும் சூடான கூலன்ட்டுக்கு ஆகாதது. எஞ்சின் சூடேறியதும் சொட்ட ஆரம்பித்தது. அங்கிள் ஒரு வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்தார்.

பிறகு விவசாய சாமான் விற்கும் கடைக்குப் போன் செய்து, கொதிநீருக்கென்றே செய்த பெரிய துவாரமுள்ள பித்தளைக் கப்ளிங்குகளை வரவழைத்தேன். கழற்றினால் இரண்டு பக்கமும் தானாக மூடிக்கொள்ளும் வகை. எஞ்சின் பக்கத்தில் ஹோஸுக்கு ஒன்றாக வால்வும் வைத்தேன், முதலில் அதை மூடிவிட்டுக் கழற்றலாம் என்று. ஒரு ஹோஸில் ஆண் முனை, மற்றதில் பெண் முனை. மாற்றி மாட்டவே முடியாது. கோடையில் கேபினோடு ஹீட்டரையும் கழற்றியபிறகு, எஞ்சினிலிருந்து வரும் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று மாட்டிவிட்டால் தூசியும் ஏறாது. விசிறிக்குப் போகும் மின்சார ஒயரை வெட்டி ஒரு பிளக் வைத்தேன். குட்டையாகிப்போன ஹோஸ்களுக்குப் பதில் புதிது.

அங்கிள் ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் விசிறி குளிர்காற்றைத்தான் வீசியது. கண்ணாடிக்கு உள்ளிருந்து அங்கிள் தலையை ஆட்டினார்.

ஹோஸ்கள் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்குப் போகிற ஹோஸ் சுட்டது, திரும்பி வருகிற ஹோஸ் ஜில்லென்று இருந்தது. உள்ளே ஓட்டமே இல்லை. கம்பெனியில் இதுபோல எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்: புதிதாக மாட்டிய பம்ப் சுற்றும், தண்ணீர் வராது, காற்று அடைத்திருக்கும். இங்கே ஹீட்டர்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது. காற்று அங்கேதான் போய் உட்காரும்.

"அங்கிள், ஆஃப் பண்ணுங்க. ஆறட்டும்" என்றேன்.

ஆறியபின் ரேடியேட்டரை நிரப்பி, ஹீட்டரின் மேல்பக்க ஹோஸை லேசாகத் தளர்த்தினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது, நின்றது, மறுபடி சீறியது. பிறகு பச்சைநிறக் கூலன்ட் எட்டிப் பார்த்தது. இறுக்கினேன். எஞ்சினை மறுபடி போடச் சொல்லி, வருகிற ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கையில் வெதுவெதுப்பு ஏறியது.

அங்கிள் கையுறைகளைக் கழற்றி, காற்று வரும் வாயில் விரல்களை விரித்துக் காட்டினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நான் கதவைத் திறந்ததும், "மூடும்மா, சூடெல்லாம் போயிடும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவாமல் இருந்தேன். நகக்கண்ணில் கறுப்பு மசி. அமெரிக்கா வந்தபிறகு என் கையில் அழுக்கென்று பட்டது அன்றுதான்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கிள் போன் செய்தார். "கழட்டிட்டேன். எதையாவது விட்டுட்டேனான்னு வந்து பாரு."

போனேன். கேபின் கொட்டகை உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கத்து முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று மாட்டியிருந்தன. தரை காய்ந்து கிடந்தது. அங்கிள் ஜும்ஆவுக்கு உடுத்தும் வெள்ளை ஜிப்பாவில் இருந்தார். அதைப் போட்டுக்கொண்டேதான் கழற்றியிருக்கிறார்.

"எல்லாம் சரியா இருக்கு அங்கிள்."

"அப்ப ஏறு. புல்லு முழங்கால் வரைக்கும் வளந்துடுச்சு."

"நான் டிராக்டர் ஓட்டினதில்லையே."

"கார் ஓட்டுறல்ல? கிளட்ச் மட்டும் கொஞ்சம் முரண்டு புடிக்கும்."

முரண்டுதான் பிடித்தது. இரண்டு தடவை நின்றுபோய், பிறகு நகர்ந்தது. ஜும்ஆவுக்குக் கார்கள் வர ஆரம்பிக்கும்வரை வெட்டினேன். அங்கிள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேப்பிள் மரத்தடியில் நான் விட்டுப்போன இடங்களை ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.