தெளிய எத்தனை நாள்

குடிநீர் அலுவலகத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் அழைத்தார்கள். அதைப் பெயர் என்பதைவிடப் புகார் என்பது பொருத்தம். தேநீரை ஆறவைத்துக் குடிப்பார். ஆறிவிட்டதே என்று சூடாக்கி, மறுபடியும் ஆறவைப்பார். தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்தபோது, கையிலிருந்த குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தார். அதற்குள் ஒத்திகையே முடிந்திருந்தது. இப்படிப்பட்டவர் இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரே ஒரு முறை ‘அவசரம்’ என்றார். நம்புவதற்குக் கொஞ்சம் நாளானது.

ஊர் குடிப்பது ஏரித் தண்ணீர். வாரம் இரண்டு முறை படகில் ஏரி நடுவுக்குப் போவது அவர் வேலை. முதலில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவார். எத்தனையாவது அடியில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுவே அன்றைய தெளிவு. பிறகு ஆக்சிஜன் மீட்டரை அடிமட்டம் வரை விட்டு, ஆழத்தில் மூச்சு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். எண்களைக் கூட்டி வகுத்து மாதச் சராசரியை மேலிடத்துக்கு அனுப்புவார்கள். மேலிடம் சராசரியைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. அதையும் படித்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

அவருடைய தனிச் சிறப்பு ஓர் எழுத்துப் பிழையில் தொடங்கியது. வேலையில் சேர்ந்தபோது தந்த விதிப்புத்தகம் நகலின் நகலுக்கு நகல். ‘பெருமழைக்குப் பின் கலங்கல் தெளியும்வரை அளக்க வேண்டாம்’ என்பது விதி. கலங்கிய நாட்களின் எண்கள் சராசரியைக் கெடுத்துவிடுமாம். இவருக்குக் கிடைத்த பிரதியில் துணைக்கால் உதிர்ந்து ‘வேண்டம்’ என்று நின்றது. அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. எனவே பெருந்தன்மையோடு அதை ‘வேண்டும்’ என்று திருத்தி வாசித்துக்கொண்டார். ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாளிலிருந்து, ஏரி தெளியும்வரை தினமும் படகேறினார்.

மூன்று வருடம் கழித்து ஒரு மேலதிகாரி கண்டுபிடித்தார். “விதியப் படிக்கவே இல்லையா நீங்க?”

“படிச்சேன் சார். அதுதான் வினையாப் போச்சு.”

நிறுத்தச் சொன்னார்கள். அலுவலகப் பதிவேட்டில் நிறுத்தினார். தன் சொந்த நோட்டில் தொடர்ந்தார். விதியை மீறுவதிலும் அவருக்கு அவசரம் இல்லை. தொடர்ந்து இருபத்திரண்டு வருடம் மீறினார். படகுக்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டு, “மழை விட்டுச்சு, அக்காவுக்குப் பித்து பிடிச்சாச்சு” என்பார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

வீட்டில் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர், எளிதில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்பவர். “ஏரி கலங்குனா நாள் எண்ணி எழுதுற. நான் கோவிச்சுக்கிட்டா எவளாவது எழுதுறாளா?” என்று ஒருமுறை கேட்டார்.

“உங்களுக்கு எதுக்குங்க நோட்டு? சாப்பாட்டுத் தட்டு சத்தம் கேக்கறவரைக்கும்தானே.”

நோட்டில் இருந்தது இதுதான். ஆரம்ப வருடங்களில் மழை கலக்கிய ஏரி இரண்டு நாளில் பழைய நிலைக்குத் திரும்பியது. பிறகு மூன்று. வெகுகாலம் மூன்றுதான். பிறகு ஐந்து, ஒன்பது, பதினாறு. கடைசியாக, முப்பத்தொன்று. இத்தனைக்கும் சராசரி அசையவில்லை; கலங்கிய நாட்கள்தான் கணக்கிலேயே சேர்வதில்லையே. ஏரி பார்க்க அழகாக இருந்தது, ஓவியர்கள்கூட வந்தார்கள்.

அவர் பொறியாளர் அறைக்குப் போய் நோட்டைப் பிரித்து வைத்தார். பொறியாளர் கெட்டவர் அல்ல. கையெழுத்துப் போட அஞ்சுபவர், அவ்வளவே.

“சராசரி நல்லாத்தானே மேடம் இருக்கு?”

“மாடிப்படியில உருண்டு விழறவன்கூட சராசரியாப் பார்த்தா நடுப்படியிலதான் சார் இருப்பான்.”

பிறகு விளக்கினார். கோடை வருடத்துக்கு வருடம் சூடாகிறது, காற்று குறைகிறது. மேல்தண்ணீர் சூடாகி மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. கீழே மூச்சு போவதில்லை. மூச்சு தீர்ந்தால், வயல்களிலிருந்து வந்து அடிச்சேற்றில் முடங்கிக் கிடக்கும் உரமெல்லாம் கரைந்து மேலே வரும். அதைத் தின்று பச்சைப் பாசி பெருகும். செத்து அடியில் விழுந்து, மிச்ச மூச்சையும் குடிக்கும். அதற்குப் பிறகு ஏரியைக் கெடுக்க வெயில்கூடத் தேவையில்லை, தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். அந்தப் பாசியின் நஞ்சு, தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது.

“அவசரம். கோடை முத்தறதுக்குள்ள ஏரிக் குழாயை மூடிட்டு, பழைய ஆத்துப் பம்புக்கு மாறணும் சார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி விட முடியும். பரவாயில்ல.”

“என்னைக்கு நடக்கும்னு தேதி சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“தேதி குறிக்கிறதுக்கு இது என்ன சார், கல்யாணமா?”

உருகும் பெரும் பனிப்பரப்புகளும் காடுகளும் கடல் நீரோட்டங்களும் இப்படித்தான் என்கிறார்கள் விஞ்ஞானிகள்: சூடு படிப்படியாக ஏறும், மாற்றம் மட்டும் ஒருநாள் படி தாண்டிக் குதிக்கும். குதிப்பதற்கு முன், சிறு பாதிப்பிலிருந்து மீள்வதற்கே தாமதமாகும். அதுவும் எப்போதும் கண்ணில் படும் என்று உத்தரவாதம் இல்லை. நிதானம் அந்தக் கட்டுரைகள் எதையும் படித்தவர் இல்லை. ஏரியைப் படித்திருந்தார்.

அந்த வாரம் ஒரு சின்ன மழை பெய்தது. அவர் பொறியாளரைக் கேட்டார்: “இது தெளிய எத்தனை நாள் சார் ஆகும்? நீங்களே சொல்லுங்க.”

“இந்தத் தூறலுக்கா? மூணு நாள்.”

“அப்ப தினமும் என்கூட படகுல வாங்க. மூணு நாள்ல தெளிஞ்சா நோட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

நீச்சல் தெரியாத பொறியாளர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் தட்டு ஐந்தாவது அடியில் மறைந்தது. தெளிந்த ஏரியில் அது பதினோராவது அடிவரை தெரிய வேண்டும். ஆறாம் நாளும் ஐந்து. ஒன்பதாம் நாள் பொறியாளர் கயிற்றைத் தானே வாங்கி இறக்கினார். தட்டு மறைந்ததும், ஏதோ தன் கைத்தவறு என்பதுபோல் மறுபடி இறக்கினார். ஐந்துதான். கரைக்கு வந்து, செருப்பில் ஈரம் காயுமுன் கையெழுத்துப் போட்டார். அஞ்சுகிறவர் துணிவதும் ஒரு குதிப்புதான். அதற்கும் யாரும் தேதி சொல்ல முடியாது.

அடுத்த முப்பத்தெட்டு நாள் ஊர் நிதானத்துக்கு ‘அவசரம்’ என்று பெயர் மாற்றிப் பார்த்தது. குழாயடியில் பக்கத்து வீட்டம்மா குடத்தை ‘ணங்’கென்று வைத்தார். “கண்ணெதிர்ல கடலாட்டம் ஏரி, குழாயில வெறும் காத்து! யாரோ ஒரு மகராசி கனவு கண்டாளாம்!”

“கனவு இல்லைங்க, கணக்கு” என்றார் நிதானம், தன் குடத்தோடு வரிசையில் நின்றபடி. கணவர் முறை வைத்து வாளி சுமந்தார். பாதி வழியில் கோபித்துக்கொண்டார். ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் காற்று அடியோடு நின்றது. நான்கே நாளில் ஏரி பெயின்ட் கொட்டியது போல் பச்சையானது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. படகுக்காரர் துடுப்பைத் தூக்கிப் பார்த்தார். அதிலிருந்து பாகுபோல் ஒழுகியது. “திங்கக்கிழமை வரைக்கும் இது ஏரியா இருந்துச்சுக்கா” என்றார்.

ஆற்றுத் தண்ணீர் குடித்த ஊரில் ஒரு குழந்தைக்கும் வயிறு வலிக்கவில்லை. ஊர் நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்ல, நடந்திருக்கக்கூடியதைக் கற்பனை செய்ய வேண்டும், அது சிரமம். “கருநாக்கு, வாய வெச்சா, ஏரியே போச்சு” என்பது சுலபம். அலுவலகம் மட்டும் கைதட்டியது. பொறியாளர் எழுந்து நின்று, “நீங்க சொன்னது அப்படியே பலிச்சிருச்சு மேடம்!” என்று கை நீட்டினார்.

நிதானம் கோபப்பட்டதை அலுவலகம் அன்றுதான் பார்த்தது. “பலிக்கக் கூடாதுன்னுதான் சார் முப்பத்தெட்டு நாளா வேண்டிக்கிட்டேன். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். கை தட்டாதீங்க.”

மழைக்காலம் வந்தது, காற்றும் வந்தது, முன்பெல்லாம் ஏரியைக் குணமாக்கிய எல்லாமே வந்தன. பச்சை போகவில்லை. வருடங்கள் ஆகலாம், உரம் வருவதை நிறுத்தினால் ஏரி தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்று அறிக்கை எழுதினார். மேலிடத்துக்கு ‘லாம்’கள் பிடிக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. இனி ஊர் குடிக்கப்போவது ஆறு. ஆற்றை யாரும் அளந்ததில்லை.

ஒரு காலை படகுக்காரரிடம் கயிற்றையும் மீட்டரையும் தூக்கச் சொன்னார்.

“ஆறு ஓடிக்கிட்டே இருக்குமேக்கா. எங்க நின்னு அளக்கிறது?”

“பாலத்துல நின்னு. கைப்பிடிச் சுவரு இருக்கு, சாஞ்சுக்கலாம். நடப்பா.”