முதலில் லைற்றைப் போட்டுப் பாரும்

எழுவைதீவிலிருந்து காலைப் படகில் வந்தவர்தான், அந்தோனியண்ணை காலமாகிவிட்டார் என்று சொன்னார். கார் ஓட வழியில்லாத அந்தத் தீவில், மகளோடு போய் இருந்தவர். எனக்கு அழுகை வரவில்லை. பெரிய அலுப்புத்தான் வந்தது. சொல்ல வேண்டிய ஒன்றைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஊர்காவற்றுறையில் என்னோடு வாடகைக் கார் ஓடிய உங்களுக்கு, நம் கார்களைத் திருத்திய அவரைத் தெரியும். கார் இயங்காவிட்டால் நாம் தள்ளத் தொடங்கிவிடுவோம். அவர், "முதலிலை லைற்றைப் போட்டுப் பாரும்" என்பார். ஸ்ராட்டரை இழுக்கையில் வெளிச்சம் மங்கினால் பற்றரி அல்லது இணைப்பு; மங்காவிட்டால் ஸ்ராட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

என் பழைய காரின் ஸ்ராட்டர் மோட்டரைத் திருத்தித் தந்தவர் அவர்தான். ஒரு கிழமையில் அது மீண்டும் மக்கர் பண்ணியது. நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டிவிட்டார் என்று கார் நிற்பாட்டும் இடத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அதன்பின் பலர் கார் திருத்த யாழ்ப்பாணம் போகத் தொடங்கினார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் கரம்பொனில், காரில் ஏற்றிய ஆட்களோடு, ஸ்ராட்டர் இழுக்காமல் நின்றுபோனேன். சைக்கிளில் வந்த அந்தோனியண்ணை இறங்கினார். லைற் மங்கியது, பற்றரியோ புதிது. தடித்த வயர் ஒன்றின் ஒரு முனையைப் பற்றரியிலும் மறுமுனையை எஞ்சினிலும் பிடித்தார். மோட்டர் உடனே சுற்றியது. காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் மோட்டரைத் திருத்தித் தந்த கையோடு, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அடிப்பாகம் முழுவதும் தார் பூசியிருந்தேன். மின்சாரம் காரின் இரும்பு வழியே பற்றரிக்குத் திரும்ப உதவும் எர்த் வயரையும் அந்தத் தாருக்கு மேலேயே முடுக்கியிருந்தேன்.

"தம்பி, தார் பூச இது வள்ளமில்லை. இரும்பிலை இரும்பு தொடவேணும்."

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். கத்தியால் தாரைச் சுரண்டி, வயரைத் திரும்ப முடுக்கிவிட்டுப் போனார். கார் எப்படிச் சரிவந்தது என்று நீங்கள் கேட்டபோது, தானாகச் சரிவந்தது என்றேன். வெட்கம்தான் காரணம். அதற்குள் அவருடைய பெயர் கெட்டுவிட்டிருந்தது.

இன்றும் பட்டப்பகலில் லைற்றைப் போட்டுவிட்டுத்தான் ஸ்ராட்டரை இழுக்கிறேன். பலமுறை அணைக்க மறந்துவிடுகிறேன். மண்டைதீவுப் பக்கம் எதிரே வருகிறவர்கள் கைகாட்டிச் சொல்கிறார்கள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் பழக்கம் ஒன்றுதான். அன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்: அந்தோனியண்ணை பூட்டிய மோட்டரில் ஒரு பிழையும் இருக்கவில்லை.