வெர்னாவின் இரண்டு கடிகாரங்கள்

வெர்னா ஒலெக்சுக் இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் இரண்டு கைக்கடிகாரங்களில் மேலே இருப்பதற்குச் சாவி கொடுக்கிறார். இருபத்தோரு திருகு, எண்ணுவது உதட்டில் தெரியும். கீழே இருப்பது எங்கள் சஸ்கட்டூன் நேரம். மேலே ஹாக்கி லீக்கின் அலுவலகம் இருக்கும் டொரண்டோவின் நேரம். அதன்பின் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைக் கிழிப்பார். மதியத்துக்குள் காகிதக் கோப்பையில் பாதி தோல் நிரம்பிவிடும்.

எங்கள் ஹாக்கி அணியின் வீரர்களுக்கு எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம் என்று ஒப்பந்தம் போடுகிறவர் அவர். அதே அறையில் நான் அணிக்கு விமான டிக்கெட் போடுகிறேன். முன்பு வெர்னா பத்தொன்பது வருடம் ஒரு தானியக் கிடங்கில், எந்த விவசாயி எந்த வாரம் எத்தனை லாரி கோதுமை இறக்கலாம் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். லீக்கின் சட்டப் புத்தகத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஒட்டிவைத்த குறிப்புச் சீட்டுகளால் அது இப்போது மூடுவதில்லை.

ஓர் அணி மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது வருடா வருடம் ஏறுகிறது. இனி கவலையில்லையே என்று யாராவது சொன்னால், வெர்னா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "நமக்கு மட்டுமா ஏறுது? எல்லா அணிக்கும் ஏறுது. கேக்குறவன் வாயும் கூடவே ஏறுது." எங்களுக்குள் டாலரில் பேசினால் அவருக்குப் பிடிக்காது. "மொத்தத்துல நூத்துக்கு எத்தன, அதச் சொல்லுங்க."

அவருடைய மேசை விளக்கில் ஒரு கோல்காப்பாளரின் பெயர் எழுதிய காந்தப் பட்டை ஒட்டியிருக்கிறது. எங்கள் மாகாணத்தில் கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்புவதில்லை, டொரண்டோவில் திருப்புவார்கள். குளிர்காலத்தில் அவர்கள் எங்களைவிட ஒரு மணி முன்னால்; கோடையில் இரண்டு. தன் முதல் ஜூனில் வெர்னா குளிர்காலக் கணக்கிலேயே இருந்துவிட்டார். அந்தக் கோல்காப்பாளரைத் தக்கவைக்க அனுப்ப வேண்டிய கடிதம் ஒரு மணி நேரம் தாமதம். எங்களுக்கு எந்த ஈடும் இல்லாமல் அவர் வேறு அணிக்குப் போய்விட்டார். மறுநாள் இரண்டாவது கடிகாரம் வந்தது.

எங்கள் அணியின் ரைலி போன்ற இளம் வீரர்களின் ஒப்பந்தம் முடியும்போது, ஓராண்டுச் சம்பளம் சொல்லி அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும். ஜூன் கடைசித் திங்கள், டொரண்டோ நேரம் ஐந்துக்குள். போகாவிட்டால் வீரர் யாரிடமும் போகலாம். போனால் எங்களிடமே இருப்பார். ஆனால் பேசி முடியாவிட்டால், சம்பள வழக்குகளைக் கேட்கும் நடுவர் ஒரு வருடத்துக்கான சம்பளத்தைத் தீர்மானிப்பார். இந்த வருடம் ஒப்பந்தம் முடியும் ரைலிக்கு அவர் ஐம்பத்தைந்து லட்சம் டாலர்கூடச் சொல்லலாம். வெர்னா தர நினைத்தது வருடத்துக்கு நாற்பத்தைந்து, ஆறு வருட ஒப்பந்தம். மிஞ்சும் பத்து லட்சம் மார்சல் பெனுவாவுக்கு. முப்பத்தைந்து வயது, ஒன்பது வருடம் எங்கள் தடுப்பாட்டக்காரர்; அவருடைய ஒப்பந்தமும் முடிகிறது. "என்ன வச்சுக்குவீங்களா இல்லையான்னு திங்கக்கெழம சொல்லிடுங்க வெர்னா," என்று கேட்டிருந்தார். "பொண்ணு பன்னெண்டாவத இங்கயே முடிக்கணும்னு நிக்கிறா."

திங்கள் மதியம் ரைலியின் முகவர் ஹோவி கிரான் டொரண்டோவிலிருந்து அழைத்தார்.

"என்ன அம்மணி, ஒங்க ஊர்க் கடியாரம் ஓடுதா?"

"ஒங்க ஊருதும் சேந்து ஓடுது ஹோவி. ஆறு வருசம், நாப்பத்தஞ்சு. ரைலிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன், சிரிச்சான். ரெண்டு வருசம், அம்பத்தஞ்சு. உச்சவரம்பு ஏறுற நேரத்துல ஆறு வருசம் கட்டிப்போடப் பாக்குறீங்களே, நல்ல மனசு!"

"முட்டியில ரெண்டு தடவ ஆபரேசன் பண்ணவன் அவன். ஆறு வருசம் அவனுக்கு மெத்த மாதிரி."

"மெத்தையில படுக்கிற வயசா அவனுக்கு?"

"நாப்பத்தெட்டு. இதுக்கு மேல என்கிட்ட இல்ல."

ஹோவி பேச்சை மாற்றினார். சனிக்கிழமை ஏரியில் பிடித்த மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தூண்டில், படகு, மச்சானின் தொப்பி. விதை கொறிக்கும் சத்தம் நின்றது. மேல் கடிகாரத்தில் நாலு ஐம்பது.

"மீன் எவ்ளோ பெருசு ஹோவி?" என்றார் வெர்னா. வலது கை கடிதத்தை அனுப்பியது.

ஹோவி நீளத்தைச் சொல்லி முடிக்கும்போது லீக் அலுவலகத்தின் ரசீது திரைக்கு வந்துவிட்டது.

"நல்ல மீன்தான். லெட்டர் போயிடுச்சு."

"அப்ப நடுவர்கிட்ட பாத்துக்கலாம், அம்மணி."

"பாத்துக்கலாம்."

வெர்னா எழுந்து, வீரர்களின் சம்பளக் கணக்கு இருக்கும் சுவர்ப் பலகையில் ரைலியின் பெயர்ப் பட்டையை ஒரே ஒரு வருடக் கட்டத்தில் வைத்தார். பக்கத்தில் ஐம்பத்தைந்து என்று எழுதினார். கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தார்; மார்சலுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மார்சலின் பட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அணியில் இடமில்லை என்பதை வீரரின் முகவர் மூலமாகத் தெரிவிப்பதுதான் வழக்கம். வெர்னா தன் கைபேசியை எடுத்தார். டொரண்டோ கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மார்சலின் எண்ணை அழுத்தினார்.